ஒரு பெயின்ட் தக்காளி

மார்ச் 2, ஞாயிறு

கம்பெனி டைரி மேசைமேல் காத்திருந்தது. முதல் பக்கத்தில் எங்கள் பெயின்ட் நிறங்களின் அட்டையை ஒட்டியிருக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்கள் காலி. அவற்றை நிரப்பப் போவதில்லை. நடந்ததை ஒரே ஒரு தடவை எழுதி வைத்துவிட்டு மேலே போகிறேன்.

சுகந்தி பொங்கலுக்கு ஆதிரையை அழைத்துக்கொண்டு ஈரோட்டுக்குப் போனாள். அவள் தங்கை ரேணுகா வீட்டுக்கு. எனக்கு லீவு கிடைக்கவில்லை, லாகோஸிலேயே இருந்துவிட்டேன். மாட்டுப்பொங்கல் காலையில் தலை வலிக்கிறது என்று படுத்தாள். பிறகு எழவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பத்து வயது ஆதிரை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாளாம். நான் விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். காரியங்களை முடித்தேன். நேற்று நானும் ஆதிரையும் திரும்பிவிட்டோம்.

வீட்டில் எல்லாம் தூசி. ஃப்ரீசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஷாடே தன் ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, மின்சாரம் போனபோதெல்லாம் எங்கள் ஃப்ரீசரை ஓடவிட்டிருக்கிறார். தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கும் பெண்மணி. இந்த ஊர் வழக்கப்படி பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் எங்களைக் கூப்பிடுவார். நான் டாடி ஆதி. சுகந்தி மம்மி ஆதி.

“டாடி ஆதி, மம்மி ஆதி செஞ்ச ஸ்டூ உள்ள இருக்கு. அது கெட்டுப்போனா நான் எந்த முகத்தோட உங்களைப் பாக்கறது?” என்றார். ஆங்கிலத்தில்தான் பேசினார். அதில் நீ, நீங்கள் எல்லாம் ஒன்றுதான். நான் என் வசதிக்கு மரியாதை போட்டு எழுதிக்கொள்கிறேன்.

நன்றி சொன்னேன். 

மார்ச் 5, புதன்

ஆபீஸுக்குப் போனேன். எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள். நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. புது வெள்ளை பெயின்ட்டில் லேசாக மஞ்சள் தட்டியது. திருப்பி அனுப்பினேன். வேலையில் ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து இளக்கி ஆதிரைக்குச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தேன். இந்த ஊர் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் ஐஸ்கிரீம் இருக்காது, ஸ்டூதான் இருக்கும். தக்காளி, மிளகாய், வெங்காயம் அரைத்து, எண்ணெயில் வதக்கு வதக்கென்று வதக்கி, கோழி போட்டு இறக்குவது. ஞாயிற்றுக்கிழமை அண்டா நிறையச் செய்து அடைத்து வைத்தால் வாரக்கணக்கில் ஓடும். ஆதிரை இங்கே பிறந்தவள். அவளுக்குச் சோறு என்றால் அதுதான்.

எனக்கு அது இறங்காது. புளிப்பே இல்லாத தக்காளி என்ன தக்காளி? சுகந்தியிடம் பத்து வருடமாக இதைச் சொல்லியிருப்பேன். ஊருக்குக் கிளம்பின அன்றும், “ஃப்ரீசர்ல உங்களுக்கு வெச்சிருக்கறேன், எடுத்துச் சாப்பிடுங்க” என்றாள். அவள் இல்லாத நாளிலும் ஸ்டூவா என்று ரொட்டி வாங்கித் தின்றேன்.

ஆதிரை பாதிச் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். ஒரு டப்பாவில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். நான் ஆபீஸிலேயே சாப்பிட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். வெளி அறை சோபாவிலேயே படுத்துக்கொள்கிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது.

ரேணுகா போன் செய்தாள்.

“மாமா, பாப்பாவ இங்க அனுப்பி வெச்சிருங்க. ஜூன்ல இஸ்கூல் தொறக்குது. எங்க வாண்டுகளோட ஒண்ணா போய்ட்டு வரட்டும். பொட்டப்புள்ள, வளர்ற வயசு. நீங்க ஒண்டியா என்னங்க மாமா பண்ணுவீங்க?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறாள். அதுதான் தொந்தரவு. கெட்ட எண்ணம் என்றால் சுலபமாக முடியாது என்று சொல்லிவிடலாம்.

ஆதிரை இன்றும் பாதி வைத்துவிட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

டப்பாக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தீர்ந்துபோனால் பிள்ளை என்ன சாப்பிடுவாள்? இட்லி மாவு அரைத்துப் பார்த்தேன். ஒன்றைத் தின்றாள். சாம்பாரைத் தொடவே இல்லை. சரி, நாமே ஸ்டூ செய்துவிடலாம், தக்காளி வதக்குவது என்ன பெரிய வித்தையா என்று சந்தைக்குப் போனேன்.

தக்காளிக்காரி, “எத்தனை பெயின்ட்?” என்று கேட்டாள். இந்த ஊரில் பெயின்ட் வாளிதான் படி. அரிசி, பயறு, தக்காளி எல்லாம் ஒரு பெயின்ட், அரை பெயின்ட் என்றுதான் விற்பார்கள். அவள் கையில் இருந்தது எங்கள் கம்பெனி வாளி. வாளிமேல் பேட்ச் எண்கூட அழியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் நான் பாஸ் செய்த வெளிர்நீலம். ஒரு பெயின்ட் தக்காளி வாங்கினேன். கூடவே டட்டாஷே என்கிற நீளமான சிவப்பு மிளகாயும், ரோடோ என்கிற குட்டிமிளகாயும். ரோடோ ஒன்றே ஊரைக் கொளுத்தும். எல்லாவற்றையும் அங்கேயே மெஷினில் அரைத்து வாளியில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

எண்ணெயைக் காய வைத்து, அரைத்ததை ஊற்றி, பச்சை வாசனை போனதும் இறக்கிவிட்டேன். நம் வீடுகளில் அவ்வளவுதானே. இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஆதிரை ஒரு வாய் வைத்தாள். “புளிக்குதுப்பா.”

“தக்காளின்னா புளிக்கத்தானே செய்யும்?”

அவள் இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டாள். என் மனம் நோகக்கூடாது என்று சாப்பிட்டது தெரிந்தது. சுகந்தியின் டப்பா ஒன்றை இளக்கிக் கொடுத்தேன். அதிலும் பாதிதான்.

மார்ச் 21, வெள்ளி

பள்ளிக்கூட நர்ஸ் ஆதிரையின் எடை குறைந்திருப்பதாகச் சீட்டு அனுப்பியிருக்கிறார். வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்கிறார். பதில் எழுதும் இடத்தில் சோறு, ஸ்டூ என்று எழுதினேன்.

தக்காளி ஸ்டூவை எவ்வளவு நேரம் வேக வைக்க வேண்டும் என்று இன்டர்நெட்டில் தேடினேன். நிறைய நேரம் எண்ணெயில் வெந்தால்தான் தக்காளியின் சிவப்புச் சத்து உடம்பில் சேரும் என்கிறார் ஒருவர். நிறைய நேரம் வெந்தால் வைட்டமின் எல்லாம் போய்விடும் என்கிறார் இன்னொருவர். அரைமணி, முக்கால்மணி, ஒன்றரை மணி என்று ஆளுக்கொரு கணக்கு. எல்லோரும் டாக்டர் கோட்டுப் போட்டிருக்கிறார்கள். எங்கள் லேபில் இப்படி ஆளுக்கொரு ரிப்போர்ட் கொடுத்தால் வேலை போய்விடும்.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டாம் முறை. இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம் என்று போனில் அலாரம் வைத்துவிட்டு, உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுச் சுவரில் எங்கள் கம்பெனி கிரீம் நிறம் உரிய ஆரம்பித்திருக்கிறது. அடியில் சரியாகச் சுரண்டாமல் அடித்திருக்கிறார்கள்.

அலாரம் அடிப்பதற்குள் அடி பிடித்துப் புகை வந்துவிட்டது. ஆதிரைதான் ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

“அப்பா, நீங்க இங்கியேதான உக்காந்திருந்தீங்க?”

“ஆமா.”

“வாசம் வரலியா?”

வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. பாத்திரத்தை ஊற வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஊற வைத்த பாத்திரத்தை இன்றைக்குத்தான் பின்கட்டில் வைத்துத் தேய்த்தேன். ஷாடே பார்த்துவிட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இது என்ன, ஸ்டூவா தாரா?” என்று கேட்டார். பிறகு கையோடு என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்.

அவர் முதலில் எண்ணெயே ஊற்றவில்லை. காலையில் நான் சந்தையில் அரைத்து வந்ததை வெறும் பாத்திரத்தில் கொதிக்கவிட்டார்.

“முதல்ல தண்ணி போகட்டும். தண்ணியை வெச்சுக்கிட்டு எண்ணெய் ஊத்தினா அது பொரியாது, அவியும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“தக்காளியைக் கேளுங்க. என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்? மழைக்காலத் தக்காளிக்கு ஒரு நேரம், வெயில் தக்காளிக்கு ஒரு நேரம்.”

“நேரம் தெரியாம எப்படிச் சமைக்கறது?”

“ருசி பார்த்துத்தான். உங்க வீட்ல நாக்கை வாடகைக்கு விட்டுட்டீங்களா?”

தண்ணீர் சுண்டிய பிறகு எண்ணெய் ஊற்றினார், கண்ணை மூடிக்கொண்டு. டாக்டர் அவருக்கு ரத்த அழுத்தம் என்று எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாராம். “அவர் வீட்டு ஸ்டூவுக்கு அவர் குறைச்சுக்கட்டும்” என்றார். பிறகு அரைமணிக்கும் மேலாகக் கிளறல். எண்ணெய் பிரிந்து மேலே வந்தது. நான் அடுப்பை அணைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“ருசி பாருங்க.”

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சூடாக இருக்கிறது, அவ்வளவுதான். புளிக்கிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆதிரையைக் கூப்பிட்டேன். கரண்டி நுனியை நக்கிப் பார்த்து, “இன்னும் புளிக்குது” என்றாள்.

ருசி தெரியாவிட்டால் போகட்டும், எனக்குக் கண் இருக்கிறது. பெயின்ட் கெட்டிதானா என்று நாங்கள் பார்க்கிற மாதிரி கரண்டியால் பாத்திரத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தேன். கோடு உடனே மூடிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இழுத்தேன். கோடு அப்படியே நின்று, ஓரங்களில் எண்ணெய் மட்டும் மெதுவாக ஊறி வந்தது. ஆதிரை மறுபடி நக்கினாள். “இப்ப ஓகே” என்றாள். ஷாடே என்னை மேலும் கீழும் பார்த்தார். “இந்தக் கோடு இழுக்கறது நல்லா இருக்கே. நான் எடுத்துக்கறேன்” என்றார்.

கோழி வேக வைத்த தண்ணீர், தைம் என்னும் காய்ந்த இலை, க்யூப் என்கிற உப்பு மசாலாக் கட்டி ஒன்று, கறிப்பொடி. இந்தக் கறிப்பொடியை ஈரோட்டில் யாரிடமாவது காட்டினால் மஞ்சள்தூள் என்று நினைத்து முகத்துக்குப் பூசிக்கொள்வார்கள்.

கிளம்பும்போது ஷாடே, “நீங்க இளைச்சுட்டீங்க, டாடி ஆதி” என்றார். பெல்ட்டில் ஒரு ஓட்டை கூடுதலாகப் போட வேண்டியிருந்தது உண்மைதான். தோல் பழசாகி நீண்டுவிட்டது.

ஆதிரை சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, புளிக்கிறது என்றும் சொல்லவில்லை. ஆனால் பாதியை வைத்துவிட்டாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு கை கழுவப் போனாள். மீதியை மூடி வைத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. இந்த வருடம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. ஆபீஸ் போனேன்.

ஏப்ரல் 19, சனி

ஃப்ரீசரைச் சுத்தம் செய்தேன். சுகந்தியின் டப்பா இன்னும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் அடியில், பின்சுவரை ஒட்டி, பனி மூடிக் கிடந்தது. மூடி வழியாகச் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. இனி நான் செய்யும் ஸ்டூவையே ஆதிரை சாப்பிடலாம் என்பதால் இதை அப்படியே வைத்துவிட்டேன்.

இதில் உணர்ச்சி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு டப்பாவை எடுத்து அலமாரியில் வைப்பது எங்கள் தொழில் வழக்கம். சாம்பிள் டப்பா. வெளியே போன பெயின்ட்டில் பிரச்சினை என்று யாராவது வந்தால், அதைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். மற்றபடி யாரும் தொடக்கூடாது. என் ஸ்டூவை ஒப்பிடவும் ஒரு சாம்பிள் வேண்டும்.

இப்போதெல்லாம் மின்சாரம் போனால் உடனே ஜெனரேட்டரைப் போட்டுவிடுகிறேன். வெயில் தாங்கவில்லை. பெட்ரோல் ஏகத்துக்குச் செலவாகிறது. ஏசியைப் போடாமலே இவ்வளவு குடிக்கிறதே என்று ஷாடே கேட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சோபாவில் உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். ஆதிரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, நான் ஈரோட்டுக்குப் போனா நீங்க என்ன சாப்பிடுவீங்க?”

“ஆபீஸ்ல சாப்பிடுவேன்.”

“ஞாயித்துக்கிழமை?”

“ஏதாவது.”

அவள் ஒரு காலுறையை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தாள். சித்தி வீட்டுக்குப் போக உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். “போறேன்” என்றாள். கேட்டதும் சொல்லிவிட்டாள். யோசிக்கவே இல்லை.

மே 2, வெள்ளி

நர்ஸிடமிருந்து மறுபடியும். எடை இன்னும் குறைந்திருக்கிறது.

மே 4, ஞாயிறு

ரேணுகாவுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். ஜூன் முதல் வாரம் டிக்கெட். இரண்டு பேருக்கும் போகவர என்று முதலில் தப்பாகப் போட்டு, பிறகு மாற்றினேன். அவளுக்குப் போக மட்டும்தான்.

சுவைக்கும் ஆரோக்கியத்துக்கும் எவ்வளவு நேரம் என்று கண்டுபிடித்து ஒழுங்காகச் சமைக்கிறேன். கோடு நிற்கிறது, எண்ணெய் பிரிகிறது, புளிப்பு இல்லை. இருந்தும் பிள்ளை பாதிதான் சாப்பிடுகிறாள். அப்படியென்றால் குறை ஸ்டூவில் இல்லை. ஒரு பிள்ளை வளர்வதற்கு வேண்டியது என்னிடம் இல்லை. ரேணுகா வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஷாடேவிடம் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “யாரைக் கேட்டு?” என்றார். ஆதிரையும் சம்மதித்துவிட்டாள் என்றேன். “பத்து வயசுப் பிள்ளை சம்மதிச்சா அதுக்கு என்ன காரணம்னு கேக்க மாட்டீங்களா?” என்றார். பிறகு என்னோடு பேசவில்லை.

பாத்திரங்களைக் கழுவி, நாளைக்குச் சீருடை இஸ்திரி போட்டேன்.

மே 8, வியாழன்

பெருமழை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. நீல நெருப்பு. ஆதிரை கைதட்டினாள், பிறகு நிறுத்திக்கொண்டாள்.

மே 9, வெள்ளி

மின்சாரம் இல்லை. ஊரில் பெட்ரோல் தட்டுப்பாடு வேறு. ஆபீஸுக்கு லீவு போட்டு பங்க்கில் வரிசையில் நின்றேன். எனக்கு நாலு வண்டிக்கு முன்னால் தீர்ந்துவிட்டது. ஷாடேவின் ஜெனரேட்டர் ரிப்பேர். ஃப்ரீசரை யாரும் திறக்கக்கூடாது என்று ஆதிரையிடம் சொல்லி, கதவில் டேப் ஒட்டினேன். பழைய போர்வை ஒன்றால் சுற்றினேன்.

மே 10, சனி

மூன்று பங்க் அலைந்தேன். கேனில் ஊற்ற மாட்டேன் என்கிறார்கள். ஒருவனிடம் சத்தம் போட்டேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கினான். ஐஸ் கட்டி விற்கும் பெண்ணிடமும் தீர்ந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்தால் ஃப்ரீசரின் அடியிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆதிரை துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மே 11, ஞாயிறு

காலையில் டேப்பைப் பிரித்தேன். எல்லாம் இளகிவிட்டது. சுகந்தியின் டப்பா இன்னும் சில்லென்றுதான் இருந்தது, ஆனால் ஆட்டினால் உள்ளே அசைந்தது.

“அப்பா, சூடு பண்ணிச் சாப்பிட்டுரலாம். மறுபடி வெச்சா வயித்துக்கு ஆகாது” என்றாள் ஆதிரை.

எனக்கும் தெரியும். இருந்தாலும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ஷாடே வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் ஆதிரைதான் என் கையிலிருந்து வாங்கி மூடியைத் திறந்து பாத்திரத்தில் கவிழ்த்தாள். கேஸைப் பற்ற வைத்தேன்.

நடுவில் கட்டியாக இருந்தது மெல்ல உடைந்தது. எண்ணெய் இளகி மேலே வந்தது. ஆதிரை குனிந்து பார்த்தாள்.

“அப்பா, இதுல கடுகு இருக்கு.”

“ஸ்டூல எப்படிக் கடுகு வரும்?”

“இருக்கு, பாருங்க.”

பார்த்தேன். எண்ணெயில் கடுகு மிதந்தது. ஒன்று இரண்டு இல்லை, நிறைய. கறிவேப்பிலை கறுத்து ஓரத்தில் ஒட்டியிருந்தது. அப்போது வாசனை வந்தது. நல்லெண்ணெய், பெருங்காயம், வெந்தயம். பாத்திரம் அடி பிடித்துப் புகைந்த அன்றுகூட வராத வாசனை. வீடு முழுக்க அடித்தது.

அது ஸ்டூ இல்லை. தக்காளித் தொக்கு. டப்பா நிறைய, புளிக்கப் புளிக்க, எங்கள் வீட்டுத் தக்காளித் தொக்கு. இந்த ஊரில் நல்லெண்ணெய் வாங்க அவள் ஒரு முழு நாள் அலைந்திருக்க வேண்டும்.

உங்களுக்கு வெச்சிருக்கறேன் என்று சொன்னாள். எனக்கு என்றுதான் சொன்னாள். நான் ரொட்டி தின்றேன். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அதை ஆதிரையின் அம்மா செய்த ஸ்டூ என்று நினைத்துப் பெட்ரோல் ஊற்றிக் காப்பாற்றியிருக்கிறேன்.

ஆதிரை சோறு போட்டுத் தட்டை என் முன்னால் வைத்தாள். தொக்கை ஒரு கரண்டி வைத்தாள். பிசைந்து வாயில் வைத்தேன். புளிப்பு. காதுக்குக் கீழே தாடை கூசியது. அழுதேன். எரிகிறது, அது இது என்று சாக்குச் சொல்ல இங்கே யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன். பிள்ளை முன்னால் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். சுகந்தி போன பிறகு இதுதான் முதல் தடவை. அழுதுகொண்டே சாப்பிட்டேன். மறுபடி சோறு வாங்கிக்கொண்டேன். பிறகு இன்னொரு தடவை.

ஆதிரை எதிரில் உட்கார்ந்து என் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனக்கும் சோறு போட்டு, என் பழைய ஸ்டூவைச் சுட வைத்து ஊற்றிச் சாப்பிட்டாள். தொக்கில் ஒரு துளியை நாக்கில் வைத்துவிட்டு, “ஐயோ, புளி” என்று முகத்தைச் சுளித்தாள். இன்று அவள் தட்டில் மீதி எதுவும் இல்லை.

மே 12, திங்கள்

மின்சாரம் வந்துவிட்டது. ஆபீஸிலிருந்து ரேணுகாவுக்குப் போன் செய்தேன். என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டுதான் செய்தேன். அவள் என்னைப் பேசவிடவில்லை.

“மாமா, பாப்பா நேத்தே போன் பண்ணுச்சுங்க. ‘அப்பா சாப்பிட்டாங்க சித்தி, மூணு தடவை சோறு வாங்கினாங்க’ன்னு அதே பேச்சு.”

“அதை எதுக்கு உனக்குப் போன் போட்டுச் சொல்றா?”

“ஏனுங்க மாமா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்களா? வாரா வாரம் போன் பண்ணி அழுவுமுங்க. ‘அப்பா ஆபீஸ்ல சாப்பிட்டேன்னு பொய் சொல்றாங்க, பேண்ட்டு எல்லாம் லூசாயிருச்சு’ன்னு. அக்கா எப்பவும் பாப்பா தட்டுல மிச்சம் வெச்சா எடுத்துச் சாப்பிட்டுருமில்லீங்க? அது மாதிரி பாதி வெச்சா நீங்களும் சாப்பிடுவீங்கன்னு தெனமும் வெச்சுப் பாத்துச்சாமுங்க. நீங்க டப்பாவுல போட்டு மூடி வெச்சர்றீங்களாமா.”

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“பாப்பா இங்க வாரேன்னு சொன்னதே அதுக்குத்தானுங்க மாமா. ‘நான் வந்துட்டா அப்பாவும் வேலைய விட்டுட்டு பின்னாலயே வந்துருவாங்க, அப்புறம் நீங்க சோறு போடுவீங்கல்ல’ன்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்றது?”

டிக்கெட்டை மாற்றுகிறேன் என்றேன். லீவுக்கு இரண்டு பேரும் வருகிறோம், சுகந்தியின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு இரண்டு பேரும் திரும்பி வந்துவிடுவோம் என்றேன். “சரிங்க மாமா” என்றாள். அவளும் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் அடுக்கியிருந்த, கெட்டுப்போன மீதிச்சோற்று டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு. தட்டின் நடுவில் விரலால் கோடு இழுத்துப் பிரித்த மாதிரி, சரிபாதி.

மே 18, ஞாயிறு

உள் அறையில் கட்டிலில் படுத்து எழுந்தேன். காற்று அங்கேயும் வருகிறது.

ஆதிரையும் நானும் சந்தைக்குப் போனோம். ஒரு பெயின்ட் தக்காளி. தக்காளிக்காரியிடம், “எங்கப்பாதான் இந்த வாளிக்குப் பெயின்ட் பாஸ் பண்றவர்” என்று ஆதிரை ஆங்கிலத்தில் பெருமை அடித்தாள். அவள் நம்பவில்லை, ஆனால் நாலு தக்காளி கூடப் போட்டாள். நல்லெண்ணெய்க்குத்தான் அலைந்தோம். வேறு பேட்டையில் ஒரு குஜராத்தி கடையில் கிடைத்தது.

ஷாடே மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டு பாத்திரம் அடுப்பில் இருப்பதைப் பார்த்து, “இது என்ன புதுப் பழக்கம்? ஒரே தக்காளிதானே?” என்றார்.

ஒரே தக்காளிதான். ஒன்றில் நல்லெண்ணெயும் கடுகும். இன்னொன்றில் அவருடைய கண்ணை மூடிக்கொண்டு ஊற்றும் எண்ணெய். எவ்வளவு நேரம் என்று நான் அலாரம் வைக்கவில்லை. ஆதிரை ஒரு கரண்டியோடு நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறி நக்கிப் பார்த்தாள். தொக்கை நக்கியதும் முகத்தைச் சுளித்தாள்.

“நல்லாப் புளிக்குது. அப்பா, உங்களுது ஆச்சு.”

என்னுடையதை இறக்கி வைத்தேன். அவளுடையது இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.